குழந்தைகளின் தொடை எலும்பு முறிவு: அறுவையா, மாவுக்கட்டா?

தில்லி மாநகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஜனக்புரி, தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு அமைத்த பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாகும். அகலமான உட்சாலைகளும் பூங்காக்களும் இங்கு உண்டு. மின்தூக்கி இல்லாத பழைய அடுக்கு வீடுகளும் உண்டு. பங்கா சாலைக்கு அப்பால் உத்தம் நகரின் நெருக்கமான தெருக்கள் தொடங்குகின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று ஜனக்புரியில் இருப்பதால், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இது பழகிய இடம். ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் தில்லியின் மற்ற பகுதிகளைப் போலவே இங்கும் சிறுவர்கள் காற்றாடியும் நூலுமாக மொட்டை மாடிகளில் நிற்பார்கள். அண்ணாந்து பார்த்தவாறே பின்னோக்கி நடக்கும் சிறுவனுக்குச் சுவரின் விளிம்பு தெரிவதில்லை. மாடியிலிருந்து விழுதல், படிக்கட்டில் உருளுதல், சாலையைக் கடக்கையில் வாகனம் மோதுதல் ஆகியவை குழந்தைகளின் தொடை எலும்பு முறிவதற்கு எங்கும் காணப்படும் காரணங்களாகும்.

இவ்வாறு அடிபட்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த சில மணி நேரத்திற்குள் பெற்றோர் முன் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சை செய்து உலோகக் கம்பி பொருத்துவதா? அல்லது எலும்பை நேர்செய்து மாவுக்கட்டுப் போட்டுக் காத்திருப்பதா? பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கு இக்கேள்வியின் பொருளே விளங்குவதில்லை. சிலர் கத்தி என்றதும் அஞ்சுகின்றனர். வேறு சிலர் செலவு மிகுந்த சிகிச்சையே சிறந்த சிகிச்சை என்று எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களுக்கும் அறிவியல் ஆதாரம் எவ்வளவு என்பதையும், இம்முடிவு குடும்பத்தின் வருவாயையும் அரசின் சுகாதாரச் செலவையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தை எலும்பின் இயல்பு

மனித உடலின் மிக நீளமான, மிக வலிமையான எலும்பு தொடை எலும்பாகும். அது முறிவதற்குப் பொதுவாகப் பெரும் விசை வேண்டும். ஆயினும் நடக்கக் கற்கும் பருவத்தில் காலை முறுக்கியவாறு விழுந்தாலே அது முறிவதுண்டு.

குழந்தையின் எலும்பு பெரியவர் எலும்பின் சிறிய உருவம் என்று கருதுவது தவறு. அதனைச் சூழ்ந்துள்ள உறை தடிமனானது. இரத்த ஓட்டம் மிகுந்தது. எனவே முறிந்த இடத்தில் புதிய எலும்பு விரைந்து வளர்கிறது. பச்சிளங் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களில் கூடிவிடும் எலும்பு, ஐந்து வயதில் ஏறத்தாழ ஆறு வாரங்களிலும், வளரிளம் பருவத்தில் எட்டு முதல் பத்து வாரங்களிலும் கூடுகிறது. பெரியவர்களுக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இரண்டாவது சிறப்பு, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல். சற்று வளைந்து கூடிய எலும்பு, குழந்தை வளர வளர நேராகிறது. வயது குறையக் குறைய இவ்வாற்றல் மிகுதி. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. முட்டி மடங்கும் திசையில் உள்ள வளைவு எளிதில் திருந்தும். பக்கவாட்டு வளைவு அத்துணை எளிதில் திருந்தாது. எலும்பு தன் அச்சில் முறுக்கிக்கொண்டு கூடிவிட்டாலோ, அது மிகக் குறைவாகவே சீராகும்.

மூன்றாவதாக, முறிவுக்குப் பின் இரத்த ஓட்டம் பெருகுவதால், ஏறத்தாழ 2 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளின் முறிந்த எலும்பு மற்றக் காலின் எலும்பைவிடச் சற்று அதிகமாக வளர்கிறது. இவ்வதிக வளர்ச்சி சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவேதான் இவ்வயதுக் குழந்தைகளுக்கு முறிந்த முனைகள் ஒன்றன் மேல் ஒன்று சிறிதளவு ஏறியிருந்தாலும் மருத்துவர் கவலைப்படுவதில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்து, "எலும்பு ஒட்டாமல் கிடக்கிறதே" என்று கலங்கும் பெற்றோர் இவ்வுண்மையை அறிந்திருத்தல் நலம்.

நான்காவதாக, தொடை எலும்பின் இரு முனைகளிலும் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்புப் பட்டைகள் உள்ளன. எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70 விழுக்காடு முட்டிக்கு அருகிலுள்ள பட்டையிலிருந்து கிடைக்கிறது. எந்தச் சிகிச்சையும் இப்பட்டைகளைக் காயப்படுத்திவிடக் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி.

கத்தியின்றிச் செய்யும் சிகிச்சை

அறுவையில்லா முறைகளுள் பழமையானது இழுவைச் சிகிச்சை. காலில் ஒட்டிய பட்டையிலோ, எலும்பில் செலுத்திய கம்பியிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டு, தசையின் இழுப்பை எதிர்த்து எலும்பை நீட்டி வைப்பதே இதன் தத்துவம். சிறு குழந்தைகளின் இரு கால்களையும் செங்குத்தாக உயர்த்திக் கட்டும் முறை, 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் பிரையன்ட் பெயரால் வழங்குகிறது. கால்களுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும் ஆபத்து இருப்பதால், எடை குறைந்த, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இது உரியது. லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ் அமைத்த தாங்குசட்டம் இன்றும் பயன்படுகிறது. முதல் உலகப் போரில் இச்சட்டம் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட பின், தொடை எலும்பு முறிந்த போர்வீரர்களிடையே 80 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 20 விழுக்காட்டளவிற்கு இறங்கியதாகப் பதிவுகள் கூறுகின்றன. முறிந்த எலும்பை அசையாது நிறுத்துவதே உயிர்காக்கும் செயல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு முறை மாவுக்கட்டு. டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசன் 1851இல் துணிச்சுருளில் பாரிஸ் சாந்தைத் தடவிக் கட்டும் முறையை உருவாக்கினார். தொடை எலும்பு முறிவுக்கு, நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பைச் சுற்றி, அடிபட்ட கால் முழுவதையும் உள்ளடக்கும் பெரிய கட்டுப் போடப்படுகிறது. மயக்க மருந்து கொடுத்து முதல் நாளோ மறுநாளோ இதனைப் போட்டுவிட்டால், குழந்தை ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். அல்லது சில வாரங்கள் இழுவையில் வைத்த பின் கட்டுப் போடலாம்.

இம்முறையின் நன்மைகள் தெளிவானவை. வெட்டுக்காயம் இல்லை, எலும்பில் உலோகம் இல்லை, அதனை அகற்றப் பிறகு மற்றோர் அறுவையும் இல்லை. ஆனால் கட்டுக்குள் எலும்பு நகரக்கூடும். ஆதலால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் மீண்டும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டு அழுத்தும் இடங்களில் புண் வரலாம். குழந்தையைத் தூக்குவதும், திருப்புவதும், மலசலம் கழிக்க வைப்பதும், கட்டை ஈரமின்றிக் காப்பதும் தாயின் முழுநேர வேலையாகிவிடும்.

அறுவைச் சிகிச்சை முறைகள்

ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் கூன்ச்சர் 1939இல் தொடை எலும்பின் உட்குழாயில் உலோக ஆணியைச் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். பெரியவர்களின் சிகிச்சையில் அது ஒரு திருப்பம். ஆனால் விறைப்பான அந்த ஆணியைக் குழந்தைகளுக்கு அப்படியே பயன்படுத்த இயலவில்லை. இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஆணி நுழையும் இடத்திற்கு அருகே செல்கின்றன. அவை சேதமுற்றால் பந்துப் பகுதி உயிரிழந்து, இடுப்பு மூட்டே கெடும்.

இச்சிக்கலுக்குப் பிரான்சின் நான்சி நகரில் தீர்வு பிறந்தது. லிஜியே, மெத்தெசோ, பிரெவோ, லஸ்கோம்ப் ஆகிய மருத்துவர்கள் வளையும் தன்மையுள்ள இரு மெல்லிய கம்பிகளை, வளர்ச்சிப் பட்டைக்குச் சற்று மேலே இருபுறமும் சிறு துளையிட்டு, எலும்பின் உட்குழாயில் எதிரெதிர் வில்களாகச் செலுத்தினர். வில்லின் விசை எலும்பை உள்ளிருந்தே நேராக நிறுத்துகிறது. 123 தொடை எலும்பு முறிவுகளில் பெற்ற அனுபவத்தை அவர்கள் 1988இல் வெளியிட்டனர். இன்று டைட்டானியம் கம்பியாகப் பரவலாக அறியப்படுவது இம்முறையே. குழந்தை சில நாட்களில் ஊன்றுகோலுடன் எழுந்து நிற்க முடிகிறது. ஆயினும் எடை 50 கிலோவை நெருங்கும் சிறுவர்களிடத்து இக்கம்பிகள் வளைந்து விடுவதுண்டு. கம்பியின் முனை முட்டியருகே தோலை உறுத்துவதும் பொதுவான குறை. எலும்பு கூடிய பின், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டிற்குள், அவற்றை அகற்ற மற்றோர் அறுவை செய்யப்படுகிறது.

எலும்புக்கு வெளியே சட்டம் பொருத்தும் முறை, தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் முறிவுகளுக்கும், உடலில் பல இடங்களில் காயமுற்ற குழந்தைகளுக்கும் ஏற்றது. கம்பி நுழையும் துளைகளில் நோய்த்தொற்று இதன் முக்கியக் குறைபாடு. தசைக்கு அடியில் செலுத்தும் நீண்ட தகடு, நொறுங்கிய முறிவுகளுக்கு உதவுகிறது.

வேலூரிலிருந்து வந்த தொகுப்பாய்வு

எது சிறந்தது என்பதைத் தனிப்பட்ட மருத்துவரின் அனுபவத்தால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஒத்த நிலையிலுள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு ஒரு சிகிச்சையும் மறு பிரிவிற்கு மற்றதும் அளித்து ஒப்பிட்டால்தான் நம்பத்தக்க விடை கிடைக்கும். இத்தகைய ஆய்வுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி, தரம் பார்த்துத் தொகுத்துரைக்கும் பணியை 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு செய்து வருகிறது. இதன் நூலகத்தை இந்தியர் அனைவரும் கட்டணமின்றிப் படிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வழிசெய்தது.

குழந்தைகளின் தொடை எலும்பு முறிவு பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2014 ஜூலையில் வெளியாயிற்று. இதனை எழுதியவர்கள் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த விரிஷா மதுரி, விவேக் தத், அபய் ககுகாம்ப்ளே, பிரதாப் தரியன் ஆகிய நால்வர். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கேள்விக்கு வேலூரிலிருந்து விடை தேடப்பட்டது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

அவர்கள் கண்டெடுத்த தகுதியான ஆய்வுகள் பத்து மட்டுமே. அவற்றில் பங்கு பெற்ற குழந்தைகள் 527 பேர். அறுவையையும் அறுவையில்லா முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டவை நான்கு ஆய்வுகள்; அவற்றில் 4 முதல் 12 வயது வரையுள்ள 264 குழந்தைகள். மற்றவை ஒரே வகைக்குள் இருக்கும் முறைகளைத் தமக்குள் ஒப்பிட்டன.

முடிவுகளை எளிய கணக்காகக் கூறலாம். அறுவையின்றிச் சிகிச்சை பெறும் 1,000 குழந்தைகளில் 115 பேருக்கு எலும்பு கோணலாகக் கூடும் என்று வைத்துக்கொண்டால், அறுவை செய்யப்பட்ட 1,000 பேரில் அவ்வெண்ணிக்கை 34 ஆகக் குறைகிறது. அதாவது 81 பேர் தப்புகின்றனர். மறுபுறம், நோய்த்தொற்று முதலிய கடுமையான தீங்குகள் அறுவையில்லா முறையில் 1,000க்கு 40 என்று கொண்டால், அறுவையில் 96 ஆக உயர்கின்றன. அதாவது 56 பேர் கூடுதலாகத் துன்புறுகின்றனர்.

முதல் முடிவுக்கான ஆதாரம் நடுத்தரமானது என்றும், இரண்டாவதற்கான ஆதாரம் குறைந்த தரமுடையது என்றும் ஆய்வாளர்களே மதிப்பிட்டுள்ளனர். 56 என்னும் எண்ணைச் சுற்றியுள்ள ஐயத்தின் எல்லை 4 முதல் 167 வரை விரிகிறது. வெளிச்சட்டத்தையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்ட 101 குழந்தைகளின் ஆய்வில், ஈராண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் இயக்கத் திறனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உட்கம்பியையும் இழுவையையும் ஒப்பிட்ட 46 குழந்தைகளின் ஆய்வில், கம்பி பொருத்தப்பட்டவர்கள் விரைவில் பள்ளிக்குத் திரும்பினர்; அவர்களுடைய பெற்றோரில் மிகுதியானோர் மனநிறைவு தெரிவித்தனர்.

எண்கள் உரைப்பதும் உரையாததும்

81ஐயும் 56ஐயும் கழித்துப் பார்த்து, அறுவையே இலாபம் என்று முடிவு கட்டுவது பொருளாதார மாணவர்கள் செய்யக்கூடிய பிழை. ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாத இரு பொருள்கள் இவை. ஐந்து வயதில் சிறிது கோணலாகக் கூடிய எலும்பு எட்டு வயதிற்குள் பெரும்பாலும் திருந்திவிடலாம். அதே கோணல் பன்னிரண்டு வயதில் நிலைத்துவிடலாம். துளையைச் சுற்றிய மேலோட்டமான தொற்று மருந்தில் ஆறும்; எலும்பிற்குள் இறங்கிய தொற்று ஆண்டுக்கணக்கில் வருத்தும். ஆகவே சராசரி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் குழந்தையின் வயது, எடை, முறிவின் வகை ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இத்தொகுப்பாய்வு காட்டும் பெரிய குறை வேறொன்று. குழந்தை எப்போது ஓடி விளையாடத் தொடங்கிற்று, எப்போது வழக்கமான வாழ்விற்குத் திரும்பிற்று என்பதைப் பெரும்பாலான ஆய்வுகள் பதிவு செய்யவே இல்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் உள்ள கோணம் அளக்கப்பட்டது. குழந்தையின் வாழ்க்கை அளக்கப்படவில்லை. பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

வயதே வழிகாட்டி

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம் 2009இல் வெளியிட்டு, 2015இல் திருத்திய வழிகாட்டு நெறிகள் வயதையே அடிப்படையாகக் கொண்டவை. நமது நாட்டிலும் மருத்துவர்கள் ஏறத்தாழ இதே பாதையில் செல்கின்றனர்.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் துணிப்பட்டைகளால் ஆன கால்தாங்கியோ மாவுக்கட்டோ போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, எலும்பு முனைகள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறாதிருப்பின் உடனடி மாவுக்கட்டு ஏற்றது. ஐந்து முதல் பதினொரு வயது வரை வளையும் உட்கம்பி பொருத்துவதை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேற்பட்ட வயதினருக்கு, இடுப்பு மூட்டின் இரத்தக் குழாய்களை விலக்கி, எலும்பின் வெளிப்புற மேட்டின் வழியே செலுத்தும் விறைப்பான ஆணியோ, தசைக்கு அடியில் பொருத்தும் தகடோ பயன்படும்.

ஆக, இரு முனைகளிலும் ஐயம் குறைவு. மூன்று வயதுக் குழந்தைக்குக் கத்தி பெரும்பாலும் தேவையில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு மாவுக்கட்டு பெரும்பாலும் போதாது. இடைப்பட்ட ஐந்து முதல் பதினொரு வயது வரையே உண்மையான தேர்வு இருக்கிறது. அங்கேதான் குடும்பத்தின் சூழ்நிலையும் மருத்துவமனையின் வசதியும் கணக்கில் வருகின்றன.

மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தால், அது துன்புறுத்தலால் நேர்ந்ததா என்று ஆராய வேண்டும் என்பதும் அந்நெறிகளின் முதற் கூற்றாகும். நடக்கவே தொடங்காத குழந்தையாயின் இவ்வெச்சரிக்கை இன்னும் முக்கியம். எலும்பை வலுவிழக்கச் செய்யும் நோய்களும் காரணமாக இருக்கலாம். எனவே குற்றம் சாட்டும் நோக்கமின்றி, ஆனால் தவறாமல், இவ்விசாரணை நடைபெறுதல் வேண்டும்.

குடும்பத்தின் கணக்கு

மருத்துவமனைக் கட்டணம் மட்டுமே செலவு என்று கருதுவது முழுமையான கணக்காகாது. தில்லியில் 2025 ஏப்ரல் முதல் பயிற்சியற்ற தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் ரூ.18,456. மாதத்திற்கு 26 வேலை நாட்கள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.710 ஆகிறது. மாவுக்கட்டுடன் குழந்தை ஆறு வாரம் வீட்டில் இருக்க, பெற்றோரில் ஒருவர் 36 வேலை நாட்களை இழந்தால், இழப்பு ரூ.25,560. கட்டணமில்லா மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் இத்தொகை குடும்பத்தையே சாரும்.

ஜனக்புரியில் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இரு குடும்பங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். மத்திய அரசில் பணியாற்றும் தாய்க்கு, ஆறாவது ஊதியக் குழுவிற்குப் பின் 2008 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாட்கள் வரை எடுக்கலாம். 1954இல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டம் மருத்துவச் செலவைத் தாங்குகிறது. அதே குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் தாய்க்கு விடுப்பும் இல்லை, வருவாய்ப் பாதுகாப்பும் இல்லை. மருத்துவ நோக்கில் இரு குழந்தைகளின் முறிவும் ஒன்றே. ஆயினும் ஆறு வார மாவுக்கட்டு என்பது முதல் குடும்பத்திற்கு ஒரு தொல்லை. இரண்டாவது குடும்பத்திற்கோ கடன். மின்தூக்கியில்லாத மூன்றாம் மாடியில், கட்டின் கனத்தோடு ஏழு வயதுக் குழந்தையைத் தூக்கி இறங்க வேண்டிய குடும்பத்தின் நிலையும் இவ்வாறே.

இக்காரணத்தால், இடைப்பட்ட வயதில் உட்கம்பி முறை ஏழைக் குடும்பத்திற்கு ஏற்றதாகிவிடலாம். ஆனால் அதிலும் மறைந்த செலவு ஒன்று உண்டு. கம்பியை அகற்றும் இரண்டாவது அறுவையைக் குடும்பங்கள் தள்ளிப் போடுவதுண்டு. முதல் நாளிலேயே அதனை விளக்கிச் சொல்லுதல் மருத்துவமனையின் கடமை.

அரசின் கணக்கு

அரசு மருத்துவமனையின் அரிய வளம் படுக்கையாகும். எடுத்துக்காட்டாக, 20 குழந்தைகளை மூன்று வாரம் வீதம் இழுவையில் வைத்தால் 420 படுக்கை நாட்கள் தேவை. அதே 20 பேருக்குக் கம்பி பொருத்தி ஐந்து நாட்களில் அனுப்பினால் 100 படுக்கை நாட்கள் போதும். உடனடி மாவுக்கட்டுப் போட்டு இரண்டு நாட்களில் அனுப்பினால் 40 நாட்களே ஆகும். ஆகவே ஒப்பீடு அறுவைக்கும் நீண்ட படுக்கைக்கும் இடையில் மட்டும் என்று கருதலாகாது. உரிய வயதில் உடனடி மாவுக்கட்டே எல்லாவற்றிலும் சிக்கனமானது.

கம்பி பொருத்த அறுவை அரங்கு, மயக்க மருந்து வல்லுநர், அறுவையின்போதே எலும்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவி, பயிற்சி பெற்ற மருத்துவர் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். ஒன்று குறைந்தாலும் நல்ல முறை தீய விளைவைத் தரும். பெருநகரில் இவை கிடைக்கும். ஜனக்புரியை அடுத்த ஹரி நகரில் தீன் தயாள் உபாத்யாய மருத்துவமனையும், நகரின் தென்பகுதியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் விபத்துச் சிகிச்சை மையமும் உள்ளன. தொலைவிலுள்ள மாவட்டங்களில் இந்நான்கும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. அத்தகைய இடங்களில், திறமையாகப் போடப்பட்ட மாவுக்கட்டும் முறையான கண்காணிப்பும் அரைகுறை வசதியில் செய்யப்படும் அறுவையைவிட மேலானவை.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை காப்பளிக்கிறது. தில்லி இத்திட்டத்தில் 2025இல் இணைந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு ஏழு நாட்கள் வரை ரூ.1.5 இலட்சத்திற்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதத்தில் அறிவிக்கை செய்யப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

எனினும் இத்திட்டங்களின் அமைப்பில் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. மருத்துவமனைக்குள் நிகழும் செயல்முறைக்கே அவை முதன்மையாகப் பணம் தருகின்றன. மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், வெளியேறிய பின் 15 நாட்களுக்கான மருத்துவச் செலவு அடங்கும். மாவுக்கட்டின் காலமோ ஆறு வாரம். வாரந்தோறும் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமும், மருத்துவமனைக்கு வந்து செல்லும் வாடகை வண்டியும், வீட்டுப் பராமரிப்பும் பெருமளவு இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. செயல்முறைக்குப் பணமும் கண்காணிப்பிற்குப் பணமின்மையும் சேர்ந்தால், தேவையற்ற இடத்திலும் அறுவையை நாடும் போக்கு வளரக்கூடும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் மாவுக்கட்டுச் சிகிச்சைக்கு, கட்டை அகற்றும் நாள் வரை காப்பு நீட்டிக்கப்படுமானால் இப்போக்கைத் தடுக்கலாம், செலவும் பெரிதாகாது.

முதல் மணி நேரமும் கட்டு வைத்தியமும்

எந்தச் சிகிச்சையாயினும் அதன் பயன் முதல் மணி நேரத்தைப் பொறுத்தது. முறிந்த காலை இழுத்து நேராக்க முயலுதல் கூடாது. இரு கால்களுக்கும் இடையே துணியை மடித்து வைத்து, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டி, அசைக்காமல் கொண்டு செல்ல வேண்டும். தில்லியில் 102, தமிழ்நாட்டில் 108 என்னும் எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம். விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்னும் பாதுகாப்பு, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது.

எலும்பு முறிவுக்குப் பரம்பரைக் கட்டு வைத்தியரை நாடுவது தென்னகத்திலும் உண்டு. தில்லியில் பயில்வான்களை நாடும் வழக்கமும் உண்டு. குறைந்த செலவும், அறுவை பற்றிய அச்சமும், மரபின் மீதான நம்பிக்கையும் இதற்குக் காரணங்கள். குழந்தையின் எலும்பு தானே கூடும் இயல்புடையதாதலால், பல வேளைகளில் இவ்வைத்தியம் வெற்றி பெற்றதாகத் தோன்றும். ஆனால் வீங்கும் காலில் இறுக்கிக் கட்டிய மூங்கில் பட்டை இரத்த ஓட்டத்தை நிறுத்தினால், சில மணி நேரத்தில் தசை அழுகத் தொடங்கும். காலையே எடுக்க நேரிடும். விரல்கள் வெளிறுதல் அல்லது நீலமாதல், மரத்துப் போதல், விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி ஆகியவை தோன்றினால், யார் போட்ட கட்டாயினும் உடனே பிரிக்கப்பட வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இவ்விதி பொருந்தும்.

செய்ய வேண்டுவன

இக்கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும் விடை காணும் முறை ஒன்றாக இருக்கலாம். குழந்தையின் வயது, எடை, முறிவின் வகை, மருத்துவமனையின் வசதி, வீட்டின் நிலை ஆகிய ஐந்தையும் வைத்துப் பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தல் வேண்டும். இரு முறைகளின் நன்மை தீமைகளையும் தாய்மொழியில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, கையெழுத்துக் கேட்பதற்கு முன் பெற்றோர் கையில் கொடுக்கலாம். தில்லி போன்ற நகரில் அது இந்தியில் மட்டுமன்றித் தமிழிலும் வங்காளத்திலும் பிற மொழிகளிலும் இருத்தல் நலம்.

வேலூர் மருத்துவர்கள் சுட்டிய வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றல் இந்திய அரசு மருத்துவமனைகளுக்கு உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் வயது, எடை, செய்யப்பட்ட சிகிச்சை, பள்ளிக்குத் திரும்பிய நாள், ஈராண்டுக்குப் பின் இரு கால்களின் நீளம் என ஐந்து செய்திகளை மட்டும் பதிவு செய்தால் போதும். சில ஆண்டுகளில், 264 குழந்தைகளை வைத்து உலகம் கூறிவரும் விடையைப் பல்லாயிரம் குழந்தைகளை வைத்து நாமே சரிபார்க்க இயலும்.

இவை அனைத்திற்கும் மேலாக, முறிவைத் தடுப்பதே மலிவான சிகிச்சை. மொட்டை மாடிச் சுவரை உயர்த்துவதற்கும், படிக்கட்டிற்குக் கைப்பிடி அமைப்பதற்கும், பள்ளி வாயிலில் வாகன வேகத்தைக் குறைப்பதற்கும் ஆகும் செலவு சிறிது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் மாநகராட்சியும் பள்ளிகளும் ஆகஸ்டு மாதம் பிறக்கும் முன்னரே இவற்றை முடித்து வைத்தால், அறுவையா மாவுக்கட்டா என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டிய பெற்றோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும்.